கொடுத்தவர்களும் நாமே
பிடி அரிசி முதல் சமுதாய அறநிதி வரை

தருமம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் ஒரு காட்சி எழுகின்றது. மேலே ஒரு கை; கீழே ஒரு கை. மேலே இருக்கும் கை செல்வருடையது. கீழே ஏந்தி நிற்கும் கை நம்முடையது. நெடுங்காலமாகக் கதைகளும் மேடைப் பேச்சுகளும் இக்காட்சியையே நமக்குப் பழக்கிவிட்டன. நாம் பெற்றவர்கள், பிறர் கொடுத்தவர்கள் என்னும் எண்ணம் நம் இளைஞர்கள் உள்ளத்திலும் வேரூன்றி நிற்கின்றது. இது வரலாற்று உண்மையன்று. நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இந்நாளில், நாம் கொடுத்த வரலாற்றையும், கொடுத்தது நிலைத்த விதத்தையும், நிலையாமற்போன காரணத்தையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதை எழுதுவதற்கு உடனடியான காரணம் ஒன்றும் உண்டு. விழாவையொட்டித் திரளும் நன்கொடையைக் கொண்டு, கொடுத்தவர்கள் பெயரைக் கல்லில் பொறித்து ஒரு மண்டபம் எழுப்பலாம் என்பது உறுப்பினர் சிலர் கருத்து. அத்தொகையைக் கலைக்காத மூலநிதியாக வங்கியில் வைத்து, அதன் வட்டியை ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் செலவிடலாம் என்பது வேறு சிலர் கருத்து. இரண்டும் நல்லெண்ணத்தில் பிறந்தவையே. முடிவு செய்ய வேண்டியது பொதுக்குழு. ஆயினும், முடிவு செய்வதற்கு முன் நம் முன்னோர் பட்ட அனுபவத்தைத் திரும்பிப் பார்ப்பது நம் கடமையன்றோ?

ஒப்புரவும் ஈகையும்

திருவள்ளுவர் ஈகை என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அது இருபத்து மூன்றாவது. அதற்கு முன்னரே, இருபத்திரண்டாவதாக, ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தை வைத்தார். இல்லாதவனுக்கு இருப்பவன் கொடுப்பது ஈகை. ஊரில் உள்ளோர் தம் பொருளை ஊருக்குப் பொதுவாக்கி வாழ்வது ஒப்புரவு. ஈகையில் கொடுப்பவன் உயர்கிறான். வாங்குபவன் தலை தாழ்கின்றது. ஒப்புரவில் அனைவரும் கொடுப்பவர்கள். தேவை வரும்போது அனைவரும் பெறுபவர்கள். ஊருணி நீரைப்போல அது பொதுவானது.

ஆனால் ஊருணி பொது என்பது ஏட்டளவில்தான் இருந்தது. ஊருக்கெல்லாம் பொதுவான நீர்நிலையில் குடத்தை நனைக்க நமக்கு உரிமை இல்லாதிருந்தது. இளமையில் நீலகிரியில் பணியாற்றிய இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், சென்னைச் சட்டமன்ற மேலவை உறுப்பினராக இருந்தபோது, பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924-இல் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1927-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20-ஆம் நாள், மகாடு நகரின் சவுதார் குளத்தில் டாக்டர் அம்பேத்கர் தம் மக்களுடன் சென்று நீர் அருந்தினார். பிறர் ஊருணியில் உரிமை கேட்டுப் போராடியது வரலாற்றின் ஒரு பாதி. நமக்கென்று நாமே ஊருணி வெட்டிய முயற்சி அதன் மறு பாதி. அந்த மறு பாதியே அதிகம் பேசப்படாமல் இருக்கின்றது.

பிடி அரிசி வளர்த்த பள்ளி

முதலில் பிறிதொரு சமுதாயத்தின் வரலாற்றைக் காண்போம். பிறரிடமிருந்து கற்பதில் நமக்கு இழுக்கொன்றும் இல்லை.

தென்மாவட்டங்களில் நாடார் சமுதாயத்தினர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயில் நுழைவு மறுக்கப்பட்டு, பல கொடுமைகளுக்கு ஆளாகி இருந்தனர். விருதுநகர், சிவகாசி முதலிய ஊர்களில் வணிகம் செய்த அவர்கள் மகமை என்னும் முறையைக் கையாண்டனர். விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி, உறவின்முறை என்னும் ஊர் அமைப்பின் பொது நிதியில் சேர்ப்பதே மகமை. அந்த நிதியிலிருந்து கிணறும் சத்திரமும் பள்ளியும் எழுந்தன. 1880-களில் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை என்னும் பள்ளி தோன்றியது. அதனை நடத்துவதற்கு வீடுதோறும் பிடி அரிசி திரட்டப்பட்டது. உலையில் அரிசி இடுமுன் இல்லத்தரசி ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் இடுவாள். சேர்ந்த அரிசி விற்கப்பட்டுப் பள்ளிக்குப் பணமாகும். அப்பள்ளியில் பயின்ற ஒரு சிறுவனே பிற்காலத்தில் தமிழ்நாட்டின் முதலமைச்சராகி, ஊர்தோறும் பள்ளி திறந்த காமராசர்.

இம்முறையின் வலிமை எதில் இருந்தது? பிடி அரிசி கொடுத்த எந்தக் குடும்பமும் அதனால் பட்டினி கிடக்கவில்லை. கொடுத்தவர்களுள் எவரும் தனி வள்ளலாகவும் ஆகவில்லை. தொகை சிறிது, ஆனால் நாள் தவறாதது. அதை வாங்கி வைக்க ஓர் அமைப்பு இருந்தது. அந்த அமைப்புக்குக் கணக்கு இருந்தது. இம்மூன்றும் சேர்ந்தபோது ஒரு பிடி அரிசி பள்ளிக்கூடமாயிற்று.

பிடி அரிசி நமக்கும் புதிதன்று. என் தாயார் மாரியம்மன் திருவிழாவிற்காக அடுப்பங்கரையில் ஒரு சிறு பானை வைத்திருந்தார். கூலி குறைந்த வாரத்திலும் அந்தப் பானையில் கை வைக்க மாட்டார். ஆகவே, கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை என்று எவரேனும் கூறுவராயின் அதை நான் ஏற்கேன். அந்தப் பானையின் அரிசி திருவிழா முடிந்ததும் தீர்ந்தது, பள்ளியாக மாறவில்லை. குறை கொடையில் இல்லை. கொடையை ஏந்தி வைக்கும் கலத்தில் இருந்தது.

ஒரு பைசாவின் வரலாறு

நம் நீலகிரி மலைக்கு இவ்வரலாற்றில் தனியிடம் உண்டு. பண்டிதர் அயோத்திதாசர் 1845-இல் பிறந்தவர். அவர்தம் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் பணிபுரிந்தவர். தம் வீட்டில் இருந்த திருக்குறள் ஏட்டுச்சுவடியை அவர் ஆரிங்டன் வழியாக எல்லீசு துரையிடம் சேர்ப்பித்தார் என்று அயோத்திதாசர் எழுதியுள்ளார். சமையற்கட்டில் பணி செய்த ஒருவர் தமிழுலகுக்குத் தந்த கொடை அது. அயோத்திதாசர் இம்மலையில் வாழ்ந்து, 1870-களில் அத்வைதானந்த சபையை நிறுவினார். 1891-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் உதகையில் திராவிட மகாசன சபையின் மாநாடு கூடியது. கல்வியும் உரிமையும் கோரிப் பத்துத் தீர்மானங்கள் அங்கே நிறைவேற்றப்பட்டன. நாம் இன்று பேருந்தில் சென்று இறங்கும் அதே உதகையில்தான் நம் முன்னோர் அன்று கூடினர் என்பதை இளைஞர்கள் மறத்தலாகாது.

1894-இல் கர்னல் ஆல்காட்டு அடையாற்றில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அது வெளியிலிருந்து வந்த உதவி, நன்றியுடன் நினைக்கத்தக்கது. அப்பள்ளி இன்றும் நடைபெறுகின்றது. ஆனால் அயோத்திதாசர் வெளியுதவியோடு நின்றுவிடவில்லை. 1907-ஆம் ஆண்டு சூன் திங்கள் 19-ஆம் நாள், சென்னை இராயப்பேட்டையிலிருந்து ஒரு வார இதழைத் தொடங்கினார். அதன் பெயரே அதன் விலை: ‘ஒரு பைசாத் தமிழன்’. அக்காலக் கணக்கில் ஒரு ரூபாய்க்கு 64 பைசா. ஓராண்டின் 52 இதழ்களையும் வாங்கினாலும் ஒரு ரூபாய் ஆகாது. கூலி உழைப்பாளி கொடுக்க இயன்றது எவ்வளவோ அதையே விலையாக வைத்தது அவருடைய நுண்ணறிவு. மறு ஆண்டில் அவ்விதழ் ‘தமிழன்’ என்று பெயர் மாறியது.

அவ்விதழைத் தாங்கியவர்கள் யார்? மன்னர்களோ மிராசுதாரர்களோ அல்லர். சென்னையிலும் கோலார் தங்கவயலிலும் தென்னாப்பிரிக்காவிலும் பர்மாவிலும் வாழ்ந்த உழைப்பாளரும் சிற்றலுவலரும் அதனைப் படித்தனர். கோலார் தங்கவயலின் மாரிகுப்பம், சாம்பியன் ரீப் முதலிய இடங்களில், பூமிக்கடியில் சுரங்கத்தில் உழைத்த நம் மக்கள் பௌத்த சங்கங்களை அமைத்தனர்; சந்தா செலுத்தினர்; பின்னாளில் சித்தார்த்த புத்தகசாலை வழியாக அயோத்திதாசரின் நூல்களை மீண்டும் மீண்டும் அச்சிட்டனர். தங்கம் தோண்டியவர்களுக்குத் தங்கம் கிட்டவில்லை. 2001-ஆம் ஆண்டு அச்சுரங்கமும் மூடப்பட்டது. அவர்கள் அச்சிட்ட நூல்கள் மட்டும் நிலைத்தன. 1999-இல் அயோத்திதாசர் சிந்தனைகள் பாளையங்கோட்டையிலிருந்து பெருந்தொகுதிகளாக வெளிவந்தபோது, அதுகாறும் அந்தச் சுரங்க உழைப்பாளர் காத்துவந்த செல்வத்தின் அருமையைத் தமிழகம் உணர்ந்தது.

1914: இரு நிகழ்ச்சிகள்

1914-ஆம் ஆண்டு நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. அவ்வாண்டு மே 5-ஆம் நாள் அயோத்திதாசர் மறைந்தார். அவர் மகன் பட்டாபிராமன் இதழைச் சிறிது காலம் நடத்தினார். பின்னர் அது நின்றது. 1926-இல்தான் கோலார் தங்கவயலில் அப்பாதுரையார் பொறுப்பில் அது மீண்டும் எழுந்தது. இடையில் கழிந்த ஆண்டுகள் எத்தனை! வாசகர்கள் இருந்தனர், அன்பு இருந்தது, பைசாவும் இருந்தது. நிறுவியவர் மறைந்த பின்னும் பணியைத் தாங்கும் நிலைத்த நிதி ஒன்று இல்லை. வாரந்தோறும் வந்த பைசா வாரந்தோறும் செலவாயிற்று.

அதே 1914-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பிரெடரிக் காப் என்னும் வங்கியாளர் ஒரு புதிய அமைப்பைத் தோற்றுவித்தார். செல்வர்கள் இறக்கும்போது உயில் எழுதி அறக்கட்டளைகள் வைத்துச் செல்வதை அவர் தம் தொழிலில் கண்டிருந்தார். காலம் மாறும், உயிலில் எழுதிய நோக்கம் பயனற்றுப் போகும், ஆனால் பணத்தை வேறு நற்பணிக்குத் திருப்ப இயலாது. இறந்தவர் கை, உயிரோடிருப்பவரின் தேவையைப் பிடித்து நிறுத்துகின்றது. இக்குறையைத் தீர்க்க அவர் வகுத்த வழி எளியது. பலரும் தத்தம் கொடையை ஒரே பொது நிதியில் சேர்க்க வேண்டும். மூலதனத்தைப் பொறுப்பாக முதலீடு செய்ய வேண்டும். வருவாயை எப்பணிக்குச் செலவிடுவது என்பதை அவ்வூர் நிலை அறிந்த ஒரு குழு ஆண்டுதோறும் தீர்மானிக்க வேண்டும். ஒரு நோக்கம் காலாவதியானால் குழு வேறு நோக்கத்திற்குத் திருப்பலாம். இதுவே சமுதாய அறநிதி எனப்படும் அமைப்பின் தொடக்கம். இன்று உலகெங்கும் இத்தகைய நிதிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டு இயங்குகின்றன. நம் நாட்டிலும் பம்பாய் நகரில் 1990-களின் தொடக்கத்தில் இம்முறையில் ஓர் அறநிதி அமைந்தது.

பெரும் கொடையாளர் ஒருவரின் அறக்கட்டளைக்கும் சமுதாய அறநிதிக்கும் உள்ள வேறுபாட்டை நம் இளைஞர்கள் நன்கு விளங்கிக்கொள்ள வேண்டும். முன்னது ஒருவர் பணம், அவர் விருப்பம். பின்னது பலர் பணம், ஊர் தீர்ப்பு. நூறு ரூபாய் கொடுக்க எண்ணும் ஒருவர் தனியே ஓர் அறக்கட்டளை அமைக்க இயலாது. அவர் தம் நூறு ரூபாயைப் பொது நிதியில் சேர்ப்பாராயின், அது பிறர் பணத்தோடு கலந்து, அவர் காலத்துக்குப் பின்னும் அறம் செய்துகொண்டிருக்கும். சிறு கொடையாளருக்கும் நிலைத்த அறம் கைகூடச் செய்வதே இவ்வமைப்பின் சிறப்பு. வள்ளுவர் கூறிய ஒப்புரவுக்கு வங்கிக் கணக்குப் புத்தகம் கொடுத்ததுபோல் இது விளங்குகின்றது.

அம்பேத்கர் காட்டிய நெறி

டாக்டர் அம்பேத்கரின் வாழ்வே இதற்குச் சான்று. 1913-இல் பரோடா மன்னர் சாயாசிராவ் அளித்த உதவித்தொகையால் அவர் அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். பின்னர் இலண்டனில் படிப்பைத் தொடர்ந்தபோது உதவித்தொகையின் காலம் முடிந்துவிட்டது. 1917-இல் படிப்பை இடையில் நிறுத்தித் தாயகம் திரும்பினார். பேராசிரியராகப் பணியாற்றிச் சேமித்தும், கோலாப்பூர் மன்னர் சாகு மகராசரின் உதவி பெற்றும், நண்பரிடம் கடன் வாங்கியும் 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றார். அத்துணைப் பேரறிவாளரும், ஒரு கொடையின் காலம் முடிந்ததால் படிப்பை நிறுத்த நேர்ந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்த அனுபவத்தை அவர் மறக்கவில்லை. 1924-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பகிஷ்கிருத இதகாரிணி சபையை நிறுவினார். மாணவர் விடுதியும் நூலகமும் அமைப்பது அதன் பணிகளுள் ஒன்று. 1945-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாள் மக்கள் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்தார். அதன் வழியாக 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியும், 1950-இல் ஔரங்காபாத்தில் பின்னாளில் மிலிந்த் எனப் பெயர் பெற்ற கல்லூரியும் தோன்றின. 1956 அக்டோபரில் நாக்பூரில் பௌத்தம் தழுவியபோது, தம் மக்கள் ஒவ்வொருவரும் வருவாயில் இருபதில் ஒரு பங்கை அறப்பணிக்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவர் கேட்டது செல்வரிடம் அன்று; உழவுக் கூலிகளிடமும் ஆலைத் தொழிலாளரிடமும். கொடுக்கும் தகுதி உமக்கும் உண்டு என்று அவர் நம் மக்களுக்கு உரைத்ததாகவே நான் இதைக் கொள்கிறேன்.

தமிழ்நாட்டில் சுவாமி சகசானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். இளமையில் கோலார் தங்கவயலில் வாழ்ந்தவர் அவர். சிறு அளவில் தொடங்கிய அக்கல்விப் பணி வளர்ந்து, அவர் 1959-இல் மறைந்த பின்னும் தொடர்கின்றது. ஆளை நம்பி நின்றவை ஆளோடு போயின. அமைப்பாக ஊன்றியவை ஆளைக் கடந்து வாழ்கின்றன.

உள்ளூர்க் கொடையின் எல்லை

இவ்விடத்தில் ஒரு தடையை எழுப்பிக்கொள்வது முறையாகும். நாமே திரட்டி நாமே செய்துகொள்வோம் என்று சொல்வதில் ஓர் அபாயம் உண்டு. மகமை வெற்றி பெற்றதற்குக் காரணம் அச்சமுதாயத்திடம் வணிகம் இருந்தது. மூட்டை விற்றவரிடம் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒதுக்க இயலும். நிலமும் கடையும் இல்லாமல் நாட்கூலியை நம்பியிருந்த நம் மக்களிடம் ஒதுக்குவதற்கு எது இருந்தது? செல்வமுள்ள ஊரின் நிதி பெருகும். வறிய ஊரின் நிதி வறியதாகவே இருக்கும்.

இவ்வுண்மையைத் தமிழக வரலாறே காட்டும். 1956-இல் பகல் உணவுத் திட்டம் தொடங்கியபோது, ஊர்மக்கள் தந்த பொருளைக் கொண்டே முதலில் அது நடந்தது. பின்னர் அரசு மானியம் வந்தது. ஊர்மக்களும் ஒரு பங்கை ஏற்றனர். அக்காலத்தில் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர்தோறும் நடத்தினார். மக்கள் பலகையும் நாற்காலியும் கடிகாரமும் கொண்டுவந்து பள்ளிக்கு வழங்கினர். அழகிய இயக்கம் அது. ஆனால் கொடுப்பார் இல்லாத ஊரின் பிள்ளைக்கும் பசி உண்டன்றோ? அதனால்தான் காலப்போக்கில் அரசே முழுப் பொறுப்பையும் ஏற்க வேண்டியதாயிற்று.

ஆகவே, நம் அறநிதி அரசின் கடமைக்கு மாற்றாகிவிடக் கூடாது. மெட்ரிக்குக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை 1944-இல் தொடங்கியது. அது தருமம் அன்று, உரிமை. அதை ஒரு ரூபாயும் குறையாமல் கேட்டுப் பெற வேண்டும். உரிமைத்தொகை எட்டாத இடத்தில் நம் நிதி கை நீட்ட வேண்டும். உதவித்தொகை கைக்கு வந்து சேரும்வரை கட்ட வேண்டிய முன்பணம், விண்ணப்பக் கட்டணம், பேருந்துக் கட்டணம், விடுதிக்குச் செல்லும் முதல் நாளில் வேண்டிய பாயும் பெட்டியும் ஆகியன எந்த அரசாணையிலும் முழுமையாக அடங்கா.

இதை நான் நூலில் படித்துக் கூறவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தி பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றாள். மேற்படிப்புக்கு மலை ஏற வேண்டும். ஆசிரியர்களாகிய நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவளை அனுப்பி வைத்தோம். மனநிறைவோடு இருந்தோம். மறு ஆண்டு எங்களில் சிலர் மாறுதலாகிப் போயினர், எஞ்சியவர்கள் மறந்துபோனோம். அவளும் வந்து கேட்கவில்லை. கேட்பதற்கு அவளுக்கு நாணம். இடைத்தேர்வுக்கு முன்னரே அவள் படிப்பை விட்டுவிட்டாள் என்பது பின்னர்தான் தெரிந்தது. எங்கள் நெஞ்சில் ஈரம் இருந்தது. எங்கள் கொடைக்கு இரண்டாம் ஆண்டு இல்லை. நானும் அக்குற்றத்தில் பங்குடையவன்.

நம் மலையின் பாடம்

நம் மசினகுடிப் பகுதியின் நிலை யாவரும் அறிந்ததே. 1932-இல் சிங்காராவில் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. பின்னர் மோயாற்றில் மின்நிலையம் எழுந்தது. இத்தகைய பணிகளுக்கும் தோட்டங்களுக்கும் சமவெளியிலிருந்து வந்த உழைப்பாளருள் நம் மக்களும் இருந்தனர். 1964-ஆம் ஆண்டின் ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் பலர் நீலகிரியில் குடியேறினர். இலங்கைத் தோட்டங்களில் மரணாதார சங்கம் என்னும் அமைப்பு உண்டு. உறுப்பினர் ஒவ்வொருவரும் சிறு தொகை செலுத்துவர். எவர் வீட்டில் சாவு நேர்ந்தாலும் அடக்கச் செலவுக்கு அந்நிதி உதவும். கடன் வாங்காமல், கையேந்தாமல், மானத்தோடு ஒருவரை வழியனுப்பி வைக்கும் ஏற்பாடு அது. சாவுக்காக நம் மக்கள் கண்ட அதே நெறியைப் படிப்புக்காகக் கைக்கொள்ள நமக்கு என்ன தடை?

அண்மையில் இருக்கும் கூடலூரையும் காணுங்கள். அங்கே பழங்குடி மக்கள் 1988-இல் ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தை அமைத்தனர். 1990-இல் அவர்களுக்கென்று அசுவினி மருத்துவமனை உருவாயிற்று. 1990-களின் தொடக்கத்திலேயே, ஆண்டுக்கு ஒரு சிறு தொகை செலுத்தி மருத்துவக் காப்பீடு பெறும் முறையை அச்சங்க உறுப்பினர் மேற்கொண்டனர். வெளியுதவியும் அவர்களுக்கு வந்தது. ஆயினும் உறுப்பினரின் சிறு தொகையே மருத்துவமனையை ‘நம்முடையது’ என்று சொல்லும் உரிமையை அவர்களுக்கு அளித்தது.

நம் நிதி நம் சமுதாயத்தார்க்கு மட்டுமா என்னும் வினாவும் எழும். பொக்காபுரத்து இருளர் குழந்தையும் நம் குழந்தையும் ஒரே பேருந்தில் வருகின்றனர். யானை மறித்தால் இருவருமே பள்ளிக்குத் தாமதமாகின்றனர். ஊருணியில் நீர் மறுக்கப்பட்ட நாம், நம் ஊருணிக்கு வேலி போடலாமா? முதலுரிமை நம் பிள்ளைகளுக்கு இருக்கட்டும். ஒரு பங்கு இவ்வட்டாரத்தின் பழங்குடிப் பிள்ளைகளுக்கும் ஒதுக்கப்படட்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

நாம் செய்யத்தக்கது

இனி, கணக்குக்கு வருவோம். நூறு குடும்பங்கள் திங்களுக்கு 50 ரூபாய் கொடுப்பதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 60,000 ரூபாய் சேரும். அதில் பாதியை அவ்வாண்டின் தேவைக்குச் செலவிட்டு, மறு பாதியாகிய 30,000 ரூபாயை வைப்பு நிதியாக இடுவோம். பத்தாண்டில் வட்டியைச் சேர்க்காமலேயே மூலநிதி 3,00,000 ரூபாய் ஆகும். நூற்றுக்கு 6 வட்டி என்றாலும் ஆண்டுக்கு 18,000 ரூபாய் வரும். இது பெருந்தொகை அன்று. ஒருசில மாணவர்களின் பேருந்துச் செலவும் விண்ணப்பக் கட்டணமுமே இதில் அடங்கும். ஆனால் அது ஒவ்வோர் ஆண்டும் வரும். செயலாளர் மாறினாலும் வரும். தலைமையாசிரியர் மாறுதலாகிப் போனாலும் வரும். என் மாணவிக்கு வேண்டியிருந்தது பெருந்தொகை அன்று. இரண்டாம் ஆண்டும் வரும் ஒரு தொகையே.

வரலாறு காட்டும் நெறிகள் சில உண்டு. மூலநிதியைத் தொடுவதில்லை என்று விதிகளில் எழுதிவிட வேண்டும். நோக்கத்தை மிகக் குறுக்கி எழுதக் கூடாது. இன்று பேருந்துக் கட்டணம் தேவை, நாளை வேறொன்று தேவைப்படலாம். பயன் பெறுவோரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் கொடையாளர் தம் உறவினருக்காக அமரக் கூடாது. மகளிர் இடம்பெற வேண்டும். ஏனெனில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை முதலில் அறிபவர்கள் அவர்களே. உதவி பெறும் மாணவர் பெயரை மேடையில் அழைக்கக் கூடாது. கொடுத்தவர் பெயர்களைத் தொகை குறிப்பிடாமல் அகர வரிசையில் வெளியிடலாம். ஐம்பது ரூபாய் கொடுத்தவரும் ஐயாயிரம் கொடுத்தவரும் ஒரே வரிசையில் நிற்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்கு. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு பெற்ற சங்கம் ஆண்டுக் கணக்கை முறையாகத் தணிக்கை செய்து பொதுக்குழு முன் வைக்க வேண்டும். சட்டத்துக்காக மட்டும் அதைச் செய்தால் போதாது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் கேட்டுப் புரிந்துகொள்ளும்படி, வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, இருப்பு இவ்வளவு என்று ஊர் நடுவே வாசித்துக் காட்ட வேண்டும். நம்மிடையே தோன்றிய சங்கங்கள் பல பகையால் அழியவில்லை. கணக்கின் மீது எழுந்த ஐயத்தால் அழிந்தன. ஒருமுறை ஐயம் புகுந்துவிட்டால் பிடி அரிசிப் பானை மீண்டும் நிறையாது.

இளைஞர்களே! உங்களுள் பலர் இன்று கோவையிலும் திருப்பூரிலும் பெங்களூரிலும் பணியில் இருக்கின்றீர்கள். விழாவுக்கு வரும்போது மட்டும் கொடுத்துச் செல்லும் வழக்கத்தைச் சற்றே மாற்றிக்கொள்ளுங்கள். சம்பள நாளில், வாடகைக்கும் அரிசிக்கும் எடுத்து வைக்கும்போதே, சிறிதளவு கழகத்திற்கென்று எடுத்து வையுங்கள். பெரிதாகக் கொடுக்க வேண்டும் என்று காத்திருந்து ஒன்றும் கொடுக்காமல் போவதைவிட, ஒரு பைசாவில் தொடங்கிய பண்டிதரின் வழி சிறந்தது.

மண்டபம் வேண்டாம் என்று நான் கூறவில்லை. கூடிப் பேச நமக்கோர் இடம் வேண்டுவதே. அது அடுத்த விழாவுக்குக் காத்திருக்கலாம். வரும் சூன் திங்களில் பள்ளி திறக்கும்போது மலை ஏற வேண்டிய பிள்ளை காத்திருக்க இயலாது. வெள்ளி விழா நன்கொடையை மூலநிதியாக வைக்கும் தீர்மானத்தைப் பொதுக்குழு உறுப்பினர் அனைவரும் ஆதரித்து நிறைவேற்ற வேண்டுமென்று பணிவுடன் வேண்டுகிறேன். பொன் விழா மலரில் எழுதப்போகும் தலைமையாசிரியர், இந்நிதியால் படித்த ஒரு பிள்ளையாக இருக்கட்டும். கழகம் வாழ்க! கல்வி ஓங்குக!